மருத்துவர் கிறீனின் ஆயத்தம்

முன்னுரை

தமிழுக்குத் தொண்டு செய்த மேலைநாட்டுக் கிறித்தவர் வரிசையில் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரைத் தமிழ் கற்றார் அனைவரும் அறிவர். காவியமும் ஒப்பிலக்கணமும் மொழிபெயர்ப்பும் தந்தமையால் இலக்கிய வரலாறு அவர்களுக்கு உரிய இடத்தை வழங்கியுள்ளது. அறுவைக் கத்தியோடு வந்து, தமிழ் உரைநடையை அதுகாறும் அது செல்லாத துறையொன்றுக்கு அழைத்துச் சென்ற ஒருவரின் பெயர் அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், 1884ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பெற்றவர் அவர். அவருடைய கல்லறைக் கல், தமிழருக்கு மருத்துவ ஊழியம் புரிந்த நற்செய்தியாளர் என்று அவரைச் சுட்டுகின்றது. பிறந்த ஊரிலேயே அடங்கிய ஒருவர், கடல்கள் பலவற்றுக்கு அப்பாலுள்ள ஒரு மக்களின் பெயரோடு சேர்த்துத் தம் பெயரைக் கல்லில் பொறிக்கச் செய்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். அவர் எழுதியும் எழுதுவித்தும் வெளியிட்ட நூல்களைப் பற்றி அறிஞர் சிலர் ஆராய்ந்துள்ளனர். அந்நூல்கள் பிறப்பதற்கு முன், மருத்துவ ஊழியத்திற்கென ஓர் இளைஞர் தம்மை எவ்வாறு ஆயத்தம் செய்துகொண்டார், அவ்வாயத்தத்தில் எது குறைவாக இருந்தது, அக்குறையை அவர் எங்கே நிறைவு செய்தார் என்பன தனியே ஆராயத்தக்கவை. அவ்வினாக்களுக்கு விடை காணும்போது, தமிழ்வழி அறிவியற்கல்வி பற்றி இன்றும் எழுப்பப்படும் வினா ஒன்றுக்கும் ஒருவகை விடை கிடைக்கின்றது.

வூஸ்டர் இளைஞர்

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் வூஸ்டர் நகரை அடுத்த கிறீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பிள்ளைகள் பதினொருவர்; அவர்களுள் எட்டாமவர் சாமுவேல். இளமையிலேயே தாயை இழந்தவர். அவருக்கு ஈராண்டு மூத்தவரான ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயார்க் மாநகரத்தை ஒருங்கிணைத்து வளர்த்த பெருமைக்குரியவர். அந்நகரின் நடுவண் பூங்காவை உருவாக்கியதில் முன்னின்றவர். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருள் அண்ணன் ஒரு மாநகரத்தைக் கட்டியெழுப்பத் தம்பி ஒரு சிற்றூரைத் தேடிச் சென்றார்.

அக்காலத்து நியூ இங்கிலாந்துக் கிறித்தவக் குடும்பங்களில் அயல்நாட்டு ஊழியம் என்பது தொலைவில் நிகழும் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. 1810இல் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்ற அமெரிக்க மிஷன் சங்கம், 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்தது. அங்கிருந்து வந்த மடல்களும் அறிக்கைகளும் அச்சிடப்பெற்றுத் திருச்சபைகள்தோறும் படிக்கப்பட்டன. மானிப்பாய், வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை, உடுவில் என்னும் ஊர்ப்பெயர்கள் அவ்வாறே அமெரிக்க இளைஞர் சிலரின் செவிகளுக்கு எட்டின.

மருத்துவராகவே ஊழியத்துக்குச் செல்வதற்கும் ஒரு முன்மாதிரி இருந்தது. நியூயார்க்கில் நல்ல வருவாயோடு தொழில் நடத்திய மருத்துவர் ஜான் ஸ்கடர், நோயாளி ஒருவர் இல்லத்தில் காத்திருந்தபோது அங்கே கிடந்த மிஷன் பிரசுரம் ஒன்றைப் படித்து மனம் மாறியவர். 1819இல் மனைவியோடு கப்பலேறிய அவர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1836இல் ஸ்கடர் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருக்குப் பின் வந்த மருத்துவர் நாதன் வார்டும் தாயகம் திரும்பினார். அந்த வெற்றிடமே கிறீனுக்காகக் காத்திருந்தது.

நியூயார்க்கில் கற்றதும் கல்லாததும்

நியூயார்க்கு மருத்துவர் அறுவையர் கல்லூரியில் பயின்று 1845இல் கிறீன் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22. அக்கால அமெரிக்க மருத்துவக் கல்வி இன்றைய அளவுகோலுக்குச் சிறியது. தொழில் புரியும் மருத்துவர் ஒருவரிடம் மூன்றாண்டு உடனிருந்து பழகுதல், குளிர்காலத்தில் சில மாதங்கள் நடைபெறும் விரிவுரைகளை இருமுறை கேட்டல், இறுதியில் ஆய்வேடு ஒன்றை எழுதித் தேர்வில் நிற்றல் ஆகியவையே பொதுவான நடைமுறை. குருவின் அருகிருந்து கற்கும் முறை அங்கும் இருந்தது என்பது, பரம்பரை வைத்தியர்களின் ஏட்டுக் கல்வியை அறிந்த தமிழருக்கு வியப்பளிக்காது.

கிறீன் பட்டம் பெற்ற ஆண்டில் அறுவை மருத்துவம் மயக்க மருந்தின்றியே நடைபெற்றது. அவர் பட்டம் பெற்றதற்கும் கப்பலேறியதற்கும் இடைப்பட்ட ஈராண்டுக் காலத்தில், 1846 அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் மருத்துவமனையொன்றில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்யும் முறை முதன்முறையாகப் பொதுவில் மெய்ப்பிக்கப்பட்டது. காயங்களைக் கிருமி நீக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல்தான். வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியைக் காக் அடையாளம் கண்ட காலமோ கிறீனின் இறுதிக் காலம். எனவே, யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் வருத்திய வாந்திபேதிக்கு உரிய காரணத்தை அவருடைய ஆசிரியர்களும் அறியார், அவரும் அறியார். அவர் எடுத்துச் சென்றது முற்றுப்பெற்ற ஓர் அறிவன்று. வளர்ந்துகொண்டிருந்த அறிவின் ஒரு பருவமே. இதனை நினைவிற் கொண்டால்தான் அவர் பின்னர்ச் செய்த மொழிபெயர்ப்புப் பணியின் அருமையும் எல்லையும் விளங்கும்.

அவரை அனுப்பிய சங்கத்தின் நோக்கையும் இங்கே கருத வேண்டும். சங்கத் தலைவர்கள் மருத்துவத்தை நற்செய்திப் பணிக்குத் துணையாகவே மதித்தனர். மிஷன் குடும்பங்களின் உடல்நலத்தைக் காப்பதும், நோய் தீர்க்க வரும் மக்களின் மனக்கதவைத் திறப்பதும் மருத்துவரின் கடமைகள் என்பது அவர்கள் கொள்கை. கிறீனும் ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். மக்களைக் கிறித்தவராக்குவதே தம் பணியின் பயன் என எண்ணியவர். இதனை மறைத்து அவரை வெறும் தமிழ்த் தொண்டராகக் காட்டுவது வரலாற்றுக்கு உடன்பாடன்று. தமிழை வளர்க்க வேண்டும் என்னும் கருத்தோடு அவர் கப்பலேறவில்லை. அவர் பெற்றிருந்த ஆயத்தத்தில் விவிலியம் இருந்தது, மருத்துவம் இருந்தது, தமிழ் இல்லை.

கடற்பயணமும் மொழிக் கல்வியும்

1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தினின்றும் புறப்பட்ட கிறீன், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவரும் நெடும்பயணத்திற்குப் பின் சென்னையை அடைந்து, அக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம் அது. அவர் வந்திறங்கிய மண் கல்வியில் வறண்ட மண் அன்று. 1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி அறிவியலும் கணிதமும் வானநூலும் கற்பித்து வந்தது. 1841 முதல் உதயதாரகை என்னும் செய்தித்தாள் வெளிவந்துகொண்டிருந்தது. மானிப்பாய் அகராதி 1842இல் வெளியாகியிருந்தது. மானிப்பாயில் மிஷன் அச்சகமும் இயங்கியது. ஸ்கடரோடு ஒரே கப்பலில் வந்த வின்சுலோ, சென்னையிலிருந்து பேரகராதியொன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார்.

மருத்துவத்திலும் அம்மண்ணுக்கு ஒரு மரபு இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்து நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் நோய்க்குறிகளையும் மருந்துகளையும் செய்யுளில் கூறின. அவற்றை மனனம் செய்து, ஏட்டில் எழுதி, தலைமுறை தலைமுறையாகப் போற்றிய வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். நாடி பார்த்து நோயறிந்தவர்கள் முன்னிலையில், உடலை அறுத்துப் பார்த்து அறிவு பெற்ற இளைஞர் ஒருவர் வந்து நின்றார். நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கவும், அவர் கூறும் விடையை அறியவும் அவரால் இயலவில்லை. குத்து, குடைச்சல், கடுப்பு, எரிவு, பிடிப்பு என்று வலியை வேறுபடுத்திக் கூறும் மொழி தமிழ். அவ்வேறுபாடுகளை உணராத மருத்துவருக்கு நோயின் பாதி மறைந்தே நிற்கும். நியூயார்க்கில் பட்டம் பெற்றவர் மானிப்பாயில் மீண்டும் மாணாக்கரானார். தமிழ் கற்றல் அவருக்குச் சமயப் பேச்சுக்கு வேண்டிய கருவியாக மட்டுமன்றி, மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே ஆயிற்று.

முதல் வகுப்பும் அதன் விளைவும்

1848இல் கிறீன் மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். தனியொருவர் எத்துணை நோயாளிகளைப் பார்த்தாலும் யாழ்ப்பாணத்தின் தேவை நிறைவுறாது என்பதை அவர் விரைவில் உணர்ந்திருந்தார். நோய் தீர்ப்பவரினும் நோய் தீர்ப்போரை உருவாக்குபவரே வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. முதலில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. செமினரியில் பயின்று ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள் கிடைத்தனர். பாடநூல்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. 1850இல் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் மருத்துவமனையொன்று நிறுவப்பட்டபோது, அதற்கும் கிறீன் துணைநின்றார்.

ஆங்கில வழிக் கல்வி நல்ல மருத்துவர்களைத் தந்தது. ஆயின் அவர்கள் ஊரில் தங்கவில்லை. ஆங்கிலம் அறிந்த மருத்துவருக்கு அரசுப் பணி காத்திருந்தது. தோட்டப் பகுதிகளும் நகரங்களும் அழைத்தன. மாத ஊதியம் உறுதியாக இருந்தது. சிற்றூரில் அமர்ந்து, நெல்லும் காய்கறியும் கூலியாகப் பெறும் வாழ்வை எவர் விரும்புவர்? பயின்றவர்களைக் குறைகூற இயலாது. ஆயினும் கிறீனின் நோக்கம் இதனால் பிழைத்தது. ஊருக்கு மருத்துவரைத் தர எண்ணியவர், ஊரைவிட்டு வெளியேறும் வாயிலையே திறந்துவைத்திருந்தார்.

மாணாக்கர்களின் நடையுடை மாற்றத்தையும் அவர் கவலையோடு நோக்கினார். மேனாட்டு உடையும் பழக்கமும் மேற்கொண்டு தம் மக்களினின்றும் விலகி நிற்கும் கிறித்தவரை அவர் விரும்பவில்லை. தமிழராகவே வாழும் கிறித்தவரையே அவர் வேண்டினார். இக்கருத்து அக்காலத்து மிஷனரிகள் பலரிடம் காணப்படாதது.

இரண்டாம் ஆயத்தம்

தமிழில் மருத்துவ நூல் வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் தொடக்கத்திலேயே முளைத்திருந்தது. கால்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய உடற்கூற்று நூலைத் தழுவி, அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரில் 1852இல் மானிப்பாயில் வெளியிட்டார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடலின் இயக்கத்துக்குச் சுகரணவாதம், நலம் பேணுதலுக்கு உற்பாலனம் என அவர் பெயர் வகுத்தார். 1857இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் ஓய்வுக்காகத் தாயகம் சென்றார்.

ஏறத்தாழ ஐந்தாண்டு அமெரிக்காவில் தங்கிய இக்காலத்தை அவருடைய இரண்டாம் ஆயத்தம் எனலாம். முதற்பயணத்திற்கு முன் அவர் தம்மை ஆயத்தம் செய்துகொண்டது சங்கம் விரும்பியவாறு. இரண்டாம் பயணத்திற்கு முன் ஆயத்தம் செய்துகொண்டது யாழ்ப்பாணம் கற்பித்தவாறு. 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் மங்கையை மணந்து, அவரோடு மீண்டும் மானிப்பாய் வந்தார். இனி மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்படும் என்னும் துணிவோடு வந்தார். 1864 முதல் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நடைபெறலாயிற்று.

இத்துணிவின் பெருமை அக்காலச் சூழலோடு பொருத்திப் பார்த்தாலன்றி விளங்காது. 1835இல் கல்கத்தாவில் நாட்டுமொழிகளில் மருத்துவம் கற்பித்த நிறுவனம் மூடப்பட்டு, ஆங்கில வழிக் கல்லூரி நிறுவப்பட்டது. சென்னையிலும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே அமைந்தது. கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் ஆங்கிலத்தையே கைக்கொண்டது. அரசுகள் சென்ற திசைக்கு எதிர்த்திசையில், அரசின் துணையைப் பெரிதும் நம்பாமல், ஒரு சிற்றூரில் ஒருவர் தமிழில் உடற்கூற்றைக் கற்பித்தார். அமெரிக்க மிஷன் சங்கமும் இதற்குள் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தத் தொடங்கி, 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியை மூடியிருந்தது. சங்கத்தின் நோக்கம் கிராமங்களில் சமயப்பணி புரிவோரைத் தாய்மொழியில் உருவாக்குதல். கிறீனோ அக்கொள்கையை உயர் அறிவியலின் உச்சி வரைக்கும் கொண்டுசென்றார்.

சொல் தேடிய முறை

கிறீனின் சொல்லாக்க முறையில் ஓர் ஒழுங்கு காணப்படுகின்றது. முதலில் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று தேடுதல்; இல்லையாயின் வடசொல்லை நாடுதல்; அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பது அவ்வொழுங்கு. அறுவை மருத்துவத்துக்கு இரண வைத்தியம் என்று பெயரிட்டபோது மக்கள் வழக்கைத் தழுவினார். வேதியியலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டபோது, தமிழ் மரபில் நிகரில்லாத ஒரு துறையை அதன் ஒலியோடே ஏற்றார். தூய்மை கருதிப் புரியாத சொல்லையோ, எளிமை கருதி எல்லாவற்றையும் ஆங்கிலத்திலோ வைக்காத நடுநிலை இது.

மொழிபெயர்ப்புப் பணியை அவர் தனியே செய்யவில்லை. அவரிடம் பயின்ற தமிழ் மருத்துவர்களே உடனிருந்து மொழிபெயர்த்தனர். கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். ஆகவே அந்நூல்களை ஓர் அமெரிக்கரின் கொடை என்று மட்டும் கூறுவது முழு உண்மையாகாது. பிணத்தைக் கூறுசெய்து நரம்பையும் நாளத்தையும் கண்ணால் கண்ட தமிழர், கண்டதைத் தம் மொழியில் எழுதக் கற்ற வரலாறும் அவற்றில் அடங்கியுள்ளது.

நூல்களின் வரிசை வியப்பளிப்பது. துருயிற் என்பாரின் நூலைத் தழுவிய இரண வைத்தியம் 1867இல் வெளிவந்தது. கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரில் 1872இல் தமிழாயிற்று. ஆங்கில மூலம் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. அவ்வாண்டிலேயே ஹூப்பரின் நூலைத் தழுவிய வைத்தியாகரமும் வந்தது. கெமிஸ்தம் 1875இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. டால்டனின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணம் 1883இலும், இந்திய மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. 1873இல் யாழ்ப்பாணத்தைவிட்டுச் சென்றபின்னும், வூஸ்டரிலிருந்தே தமிழ்க் கைப்படிகளைத் திருத்தி வந்தார் என்பதை இறுதி நூல்களின் ஆண்டுகளே காட்டுகின்றன.

செய்யுளும் உரைநடையும்

கவிதையில் ஈடுபாடுடையோர் இந்நூல்களில் சிறப்பாக நோக்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழில் மருத்துவம் காலங்காலமாகச் செய்யுளில் வாழ்ந்தது. அச்சு இல்லாத காலத்தில் நினைவில் நிறுத்துதற்கு யாப்பு துணையாயிற்று. எதுகையும் மோனையும் மருந்தின் அளவு பிறழாமல் காத்தன. கிறீனின் காலத்தில் அச்சகம் நினைவின் சுமையைத் தாங்கிக்கொண்டது. படம் வரைந்து காட்டவும் இயன்றது. அதனால் மருத்துவம் யாப்பிலிருந்து இறங்கி உரைநடைக்கு வந்தது. இரத்தம் எவ்வழிச் செல்கின்றது, எலும்பு எவ்வாறு பொருந்துகின்றது என்பவற்றை முன்பின் முறையோடு, ஐயத்துக்கு இடமின்றிக் கூற வேண்டிய தேவை ஒரு புதிய தமிழ் நடையைத் தோற்றுவித்தது. அழகுக்காகவன்றித் தெளிவுக்காக எழுந்த நடை அது. தலைவியின் எழிலைப் பாதாதிகேசமாகவும் கேசாதிபாதமாகவும் பாடிய மொழி, அதே உடலை அங்காதிபாதமாக அடுக்கிக் காட்டியபோது, பழைய முறை வைப்பே புதிய பயனுக்கு உதவிற்று எனலாம்.

இங்கே நாவலர் பெருமானின் நினைவு எழுவது இயல்பு. ஆறுமுக நாவலரும் 1822இல் பிறந்தவர். கிறீனுக்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் இளையவர். கிறீன் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒருவர் கிறித்தவத்தைப் பரப்ப வந்தவர்; மற்றவர் அதனைத் தடுத்து நிறுத்த எழுந்தவர். சமயத்தில் நேர் எதிரானவர்கள். எனினும், தெளிந்த தமிழ் உரைநடையில் பாடநூல் எழுதி, அச்சிட்டு, பள்ளியில் கற்பித்தால்தான் ஒரு மக்களின் உள்ளத்தை அடைய இயலும் என்னும் முறையில் இருவரும் ஒன்றுபட்டனர். யாழ்ப்பாணத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் செழுமை இவ்வெதிர்ப்பிலும் இவ்வொற்றுமையிலும் ஒருங்கே விளைந்தது. கிறீன் விரும்பிய அளவுக்குச் சமய மாற்றம் நிகழவில்லை. அவர் முதன்மையெனக் கருதிய பயன் குறைவாகவும், துணையெனக் கருதிய பயன் மிகுதியாகவும் வாய்த்தது.

நிலைக்காமைக்குக் காரணம்

கிறீனிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் வழியில் பயின்றோர். இருந்தும் அவர் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. தமிழுக்கு ஆற்றல் போதாமையால் அது நின்றுவிட்டது என்று கூறுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. நூல்கள் இருந்தன, சொற்கள் இருந்தன, கற்பிக்க வல்ல தமிழ் மருத்துவர்களும் இருந்தனர். இல்லாதது வேறு. அரசு ஏற்ற தகுதி ஆங்கிலத்தில் இருந்தது. ஊதியமும் உயர்பதவியும் ஆங்கிலத்தைத் தொடர்ந்து சென்றன. மனுஷ அங்காதிபாதம் வெளியான அதே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆங்கிலக் கல்வி வேண்டும் என்னும் யாழ்ப்பாண மக்களின் வேட்கையே அதற்கு அடிப்படை. மகனைப் படிக்கவைக்கும் தந்தை எதனை விரும்பினார் என்பதற்கு இஃது ஒன்றே சான்று. மொழியுணர்வு குறைந்தவர் என்று அத்தந்தையைப் பழிப்பதற்கில்லை. அவர் தம் பிள்ளையின் பிழைப்பை எண்ணினார்.

மற்றொரு காரணமும் உண்டு. இரண வைத்தியம் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே லிஸ்டரின் கிருமிநீக்க முறை வெளியாகி அறுவை மருத்துவத்தை அடியோடு மாற்றத் தொடங்கிற்று. அடுத்த இருபதாண்டில் நோயியலே புதிதாயிற்று. அறிவியல் நூலை ஒருமுறை மொழிபெயர்த்து ஓய்ந்திருத்தல் இயலாது; தலைமுறைதோறும், ஏன், பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுக்க வேண்டும். அதற்குத் தனியொருவரின் ஈகம் போதாது, நிறுவனம் வேண்டும். கிறீன் நிறுவனத்தின் இடத்தில் ஒற்றை ஆளாக நின்றார். அவர் விலகியதும் இடம் வெறுமையாயிற்று. அவர் ஆக்கிய சுகரணம், உற்பாலனம் போன்ற சொற்கள் வழக்கொழிந்து, உடலியங்கியல், நலவியல் முதலிய வேறு சொற்கள் பின்னர் எழுந்தன. முன்னோர் போட்ட பாதை புதர் மூடிக் கிடக்க, பின்வந்தோர் மீண்டும் தொடக்கத்திலிருந்தே வழி வெட்டினர்.

நிறைவாக

1884 மே திங்களில் கிறீன் தாம் பிறந்த பண்ணையிலேயே காலமானார். மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை உள்ளது. அவர் மடல்களைத் திரட்டி 1891இல் அமெரிக்காவில் வாழ்க்கை வரலாறு ஒன்று வெளியிடப்பட்டது. தமிழில் அவரை மீண்டும் நினைவுக்குக் கொணர்ந்தவர் ஒரு கவிஞர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை எழுதி, மறதியினின்றும் அவரை மீட்டார். மருத்துவர் ஆக்கிய சொற்களின் அருமையைச் சொல்லோடு வாழும் கவிஞரே முதலில் உணர்ந்தார் போலும்.

2022இல் மத்தியப் பிரதேச அரசு இந்தி மொழியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டபோது, அது புதுமுயற்சியென நாடெங்கும் பேசப்பட்டது. அதற்கு 158 ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நடைபெற்றது. இதனைப் பெருமையாகப் பேசுவது எளிது. அது ஏன் தொடரவில்லை என்று வினவுவதே பயனுடையது. கிறீனின் முதல் வகுப்பு கற்றோரை ஊரைவிட்டு அகற்றியது. இரண்டாம் வகுப்பு ஊரில் நிறுத்தியது. ஆனால் அவ்வாறு நின்றோருக்கு அரசும் சமுதாயமும் உரிய மதிப்பை வழங்கவில்லை.

22 வயதில் மருத்துவப் பட்டம் பெற்ற இளைஞர் தம் ஆயத்தம் முடிந்ததென்று எண்ணியிருக்கலாம். 25 வயதில் ஒரு தமிழ் நோயாளியின் முன் நின்றபோது அது தொடங்கவேயில்லை என உணர்ந்தார். மொழிக்குத் தம்மை ஆயத்தம் செய்தார். பின்னர் மருத்துவத்துக்கு அம்மொழியை ஆயத்தம் செய்தார். மூன்றாவதாக ஓர் ஆயத்தம் எஞ்சி நின்றது. தமிழில் கற்றவர் தமிழ் மண்ணில் மதிப்போடு வாழ்வதற்குச் சமுதாயம் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளுதலே அது. அதனை அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் செய்துதர இயலாது. அது தமிழரின் கடமையாகவே இன்னும் எஞ்சியிருக்கின்றது.